கண்ணாடி போடுபவர் தினமும் கேட்க, அதிக விலை இல்லாத குளோஸ்டு-பேக் ஹெட்போன்: எதை வைத்து முடிவு செய்வது?

மெல்லிசை_ரசிகன்:

வணக்கம். தினமும் மூன்று நான்கு மணி நேரம் பாட்டு கேட்க, வயர் உள்ள குளோஸ்டு-பேக் (கப்பின் பின்புறம் மூடிய) ஹெட்போன் ஒன்று வேண்டும். லேப்டாப்பிலும் போனிலும் மாற்றி மாற்றிச் செருகுவேன். போனில் 3.5 மி.மீ. ஜாக் இல்லை, யுஎஸ்பி-சியில் செருகி ஜாக் தரும் டாங்கிள் வாங்க வேண்டியிருக்கும். தனியாக ஆம்ப் (சிக்னலைப் பெருக்கும் கருவி) வைக்கும் எண்ணம் இல்லை. அதே அறையில் இன்னொருவர் வேலை செய்வதால், பின்புறம் திறந்து சத்தம் வெளியே கேட்கும் ஓப்பன்-பேக் சரிவராது. எப்போதும் கண்ணாடி போட்டிருப்பேன்.

பார்த்து வைத்திருப்பவை: ஆடியோ-டெக்னிகா ஏடிஎச்-எம்40எக்ஸ், எம்50எக்ஸ், சோனி எம்டிஆர்-7506, பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோ, சென்ஹைசர் எச்டி 280 ப்ரோ. டிடி 770-இல் 32, 80, 250 ஓம் என்று மூன்று வகை இருப்பது குழப்புகிறது. பெட்டியில் போட்டிருக்கும் "5 ஹெர்ட்ஸ் முதல் 35 கிலோஹெர்ட்ஸ்", "45 மி.மீ. டிரைவர்" மாதிரியான எண்களை வைத்து ஏதாவது முடிவுக்கு வர முடியுமா?

பஞ்சுக்காது:

அந்த இரண்டு எண்களையும் விட்டுவிடுங்கள். 5 ஹெர்ட்ஸில் ஒலி எத்தனை டெசிபல் இறங்கி வருகிறது என்று சொல்லாதவரை அந்த வீச்சுக்குப் பொருளே கிடையாது. டிரைவரின், அதாவது கப்புக்குள் ஒலி எழுப்பும் பகுதியின், விட்டமும் அப்படித்தான். 40 மி.மீ. டிரைவர் வைத்த நல்ல ஹெட்போன், 50 மி.மீ. வைத்த சுமாரான ஒன்றைத் தாராளமாக மிஞ்சும்.

குளோஸ்டு-பேக்கில் உண்மையில் பார்க்க வேண்டியது சீல். பேடு காதைச் சுற்றி இடைவெளி இல்லாமல் உட்கார்ந்தால், காதுக்கும் டிரைவருக்கும் நடுவே கொஞ்சம் காற்று அடைபடும். தாழ்ந்த சுரங்களில் டிரைவர் அந்தக் காற்றை அழுத்தித்தான் பேஸ் தருகிறது. ஒரு சின்ன இடுக்கு இருந்தாலும் அழுத்தம் அதன் வழியே வெளியே போய்விடும். ஏறக்குறைய 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே பேஸ் சரியத் தொடங்கும். கீழே போகப் போக இழப்பு அதிகமாகும். ஒரே மாடலைப் பற்றி ஒருவர் "பேஸ் அள்ளுது" என்றும், இன்னொருவர் "வறட்சியா இருக்கு" என்றும் எழுதுவதற்கு முக்கியக் காரணம் இதுதான். கண்ணாடியின் காம்பு பேடைத் தூக்கிப் பிடிக்கிற இடத்தில், காதுக்கு முன்னும் பின்னும் முக்கோண வடிவில் இரண்டு இடுக்குகள் விழும். தடித்த பிளாஸ்டிக் காம்பு என்றால் இடுக்கு பெரிது. மெல்லிய உலோகக் காம்பு என்றால் மிருதுவான பேடு அதை உள்வாங்கிக்கொள்ளும்.

சோதிப்பது சுலபம். கண்ணாடியோடு ஹெட்போனை மாட்டிக்கொண்டு, 40 அல்லது 50 ஹெர்ட்ஸ் டோனைக் குறைந்த வால்யூமில் ஓட விடுங்கள். மிருதங்கத்தில் தொப்பியின் கும்கி நன்றாகக் கேட்கும் பதிவு இருந்தாலும் போதும். இரண்டு கப்களையும் உள்ளங்கையால் மெதுவாக உள்நோக்கி அழுத்துங்கள். அழுத்தியதும் பேஸ் சட்டென்று ஏறினால் சீல் கசிகிறது. கொஞ்சம் மட்டும் மாறினால் கவலை இல்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டு இன்னொரு முறை செய்து பார்த்தால், கசிவுக்குக் காரணம் காம்பா, தாடை எலும்பின் வளைவா என்பதும் தெரிந்துவிடும். கப் சுழலாத ஹெட்போன்களில் காதுக்குக் கீழே, தாடை திரும்புகிற இடத்தில் இடைவெளி விழுவது வழக்கம்.

வாங்கும் முன் ஸ்கேலை எடுத்துக் காதின் உயரத்தை அளந்துகொள்ளுங்கள். பேடின் உள் துவாரம் அதைவிடச் சற்றாவது பெரிதாக இருக்க வேண்டும். ஆழத்தையும் பாருங்கள். காதின் மேல்விளிம்பு உள்ளே இருக்கும் துணியில் உரசினால், முதல் அரை மணி நேரம் தெரியாது. மூன்றாவது மணி நேரத்தில் கழற்றி வைத்துவிடுவீர்கள்.

ஓம்_விதி:

ஓம் (மின்தடையின் அளவு) குழப்பத்தைக் கணக்குப் போட்டே தீர்த்துவிடலாம்.

டிடி 770 ப்ரோவுக்கு பேயர்டைனமிக் தரும் எண், 1 மில்லிவாட்டுக்கு 96 டெசிபல். ஆனால் டாங்கிளுக்கும் லேப்டாப்புக்கும் எல்லையாக இருப்பது பெரும்பாலும் வோல்ட். எனவே அந்த எண்ணை 1 வோல்ட்டுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். 1000-ஐ ஓம் எண்ணால் வகுத்து, கிடைப்பதன் மடக்கையை 10-ஆல் பெருக்கி, 96-உடன் கூட்டுங்கள். 32 ஓமுக்கு 15, 80 ஓமுக்கு 11, 250 ஓமுக்கு 6 கூடும். அதாவது 1 வோல்ட்டில் முறையே 111, 107, 102 டெசிபல்.

ஆப்பிளின் யுஎஸ்பி-சி டாங்கிள் அதிகபட்சம் 1 வோல்ட் தருகிறது. ஐரோப்பாவில் விற்கும் வகை 0.5 வோல்ட்தான். வோல்ட் பாதியானால் 6 டெசிபல் குறையும். 250 ஓம் வகையை 0.5 வோல்ட்டில் ஓட்டினால் உச்சமே 96 டெசிபல். இப்போது வரும் பாட்டுகள் பெரும்பாலும் சத்தமாகவே மாஸ்டர் செய்யப்பட்டவை, அவற்றுக்கு இது போதும். ஆனால் பழைய பதிவுகளிலும் கச்சேரிப் பதிவுகளிலும் சராசரி ஒலி உச்சத்தைவிட 20 டெசிபல் கீழே இருக்கலாம். அப்போது கையில் இருப்பது 76 டெசிபல். வால்யூமை முழுக்க ஏற்றியும் "இன்னும் கொஞ்சம்" என்று தோன்றும். அதனால் ஆம்ப் இல்லாதவருக்கு 250 ஓம் வேண்டாம். 80 ஓம், 1 வோல்ட் டாங்கிளில் நன்றாகவே ஓடும். போன்தான் அதிகம் என்றால் 32 ஓம்.

எம்40எக்ஸ் 35 ஓம், 98 டெசிபல். 1 வோல்ட்டில் 112-ஐத் தாண்டும். எம்50எக்ஸ் 38 ஓம், 99 டெசிபல். எம்டிஆர்-7506 63 ஓம் ஆனாலும் 106 டெசிபல் என்பதால் 118 வரை போகும். ஓம் அதிகம் என்றாலே ஆம்ப் வேண்டும் என்பது சரியில்லை. இரண்டு எண்களையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

டாங்கிள் வாங்கும்போது உள்ளே டிஏசி (டிஜிட்டலை அனலாக் ஒலியாக மாற்றும் சிப்) இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் வயர் மாற்றி மட்டுமே உள்ள மலிவான வகை, யுஎஸ்பி-சி வழியே அனலாக் ஒலி தரும் போன்களில்தான் வேலை செய்யும். மற்றவற்றில் சத்தமே வராது. ஆப்பிள் டாங்கிளிலும் ஒரு சிக்கல் உண்டு. சில ஆண்ட்ராய்டு போன்களில் வால்யூமை முழுதாக வைத்தாலும் ஒலி அடங்கியே வரும். போன் தன் வால்யூமை மட்டும் ஏற்றிவிட்டு, டாங்கிளுக்குள் இருக்கும் வால்யூமை ஏற்றாமல் விடுவதுதான் காரணம். ஆண்ட்ராய்டு என்றால் உங்கள் போன் மாடலோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டு எடுங்கள்.

நள்ளிரவு_வானொலி:

மாடல் மாடலா சொல்லிடறேன்.

எச்டி 280 ப்ரோவை முதல்ல எடுத்துடுங்க. வெளிச்சத்தத்தை 32 டெசிபல் வரைக்கும் தடுக்கும்னு சென்ஹைசர் சொல்றாங்க, தடுக்கவும் செய்யும். ஆனா அந்தத் தடுப்பு வர்றதே இறுக்கத்தாலதான். கண்ணாடிக் காம்பை மண்டையோட சேர்த்து அழுத்தும். ஒரு மணி நேரத்துல காதுக்கு மேல வலிக்கும். டிரம்ஸ் வாசிக்கிறவங்க பக்கத்துல உட்கார்ந்து மானிட்டர் பண்ணத்தான் அது லாயக்கு.

எம்டிஆர்-7506, 1991-லேர்ந்து ஸ்டுடியோவுல ஓடுது. பேச்சும் குரலும் பளிச்னு கேக்கும், பதிவுல இருக்கிற குறை எல்லாம் மேல வந்து நிக்கும். எடிட்டிங் பண்றவங்க அதை விடாம வெச்சிருக்கிறது அதனாலதான். நீங்க கேக்கப்போறது மூணு நாலு மணி நேரம். ட்ரெபிள் தூக்கலா இருக்கிற ஹெட்போன் அத்தனை நேரத்துக்குக் காதைக் களைப்பாக்கும். பேடும் மெல்லிசு, காது உள்ள முட்டும். எடை 230 கிராம்தான், அது மட்டும் நல்ல விஷயம். கேபிள் சுருள், கழட்ட முடியாது. போனோட நடந்தா அந்தச் சுருள் ஒரு பக்கமா இழுத்துக்கிட்டே இருக்கும்.

எம்40எக்ஸா எம்50எக்ஸா? பாட்டு கேக்க எம்40எக்ஸ். எம்50எக்ஸ்ல பேஸும் ட்ரெபிளும் ரெண்டு பக்கமும் கொஞ்சம் தூக்கியிருக்கும். முதல் தடவை கேக்கறப்ப ஈர்க்கும், குரல் ஒரு அடி பின்னால போன மாதிரி இருக்கும். எம்40எக்ஸ் சமமா இருக்கும், விலையும் குறைவு. எம்20எக்ஸ், எம்30எக்ஸ் பக்கம் போனா கேபிளைக் கழட்ட முடியாது. விலை கொஞ்சம்தான் குறையுது, அதுக்காக அதை விட்டுடாதீங்க. எம்40எக்ஸ்ல குறைன்னா பேடுதான். துவாரம் சின்னது, ஆழமும் பத்தாது. பெரிய காதுக்கு உரசும்.

டிடி 770 ப்ரோ: வெலூர் (வெல்வெட் மாதிரி துணி) பேடு, வட்டமா ஆழமா இருக்கும், கண்ணாடியோட போட்டாலும் அழுத்தாது. எடை 270 கிராம், தலையில தெரியாது. இந்தப் பட்டியல்லயே ரொம்ப நேரம் போட்டுக்க இதுதான். ஆனா 8 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ஒரு முனை இருக்கு. "ச", "ஸ" வர்ற இடமெல்லாம் விசில் மாதிரி குத்தும். சிலருக்குத் தெரியவே தெரியாது, சிலரால தாங்க முடியாது. மடிக்கவும் முடியாது. கேபிள் 32 ஓம்ல 1.6 மீட்டர், 80 ஓம்ல 3 மீட்டர். ரெண்டுமே கழட்ட முடியாது. 2024-ல வந்த டிடி 770 ப்ரோ எக்ஸ் 48 ஓம், கேபிள் மினி எக்ஸ்எல்ஆர், கழட்டலாம். விலை ஒத்து வந்தா அதைப் பாருங்க.

பட்டியல்ல ஒண்ணு விட்டுப்போச்சு: ஏகேஜி கே371. 32 ஓம், 50 மி.மீ. ஹார்மன் ஆய்வுல பெரும்பாலானவங்க விரும்பின ஒலி வளைவை ஒட்டியே செஞ்சது. ஈக்யூ (பேஸ், ட்ரெபிள்னு தனித்தனியா ஏத்தி இறக்குறது) எதுவும் போடாம கேக்க இந்த விலையில அதை விட எனக்குப் பிடிச்சது இல்ல. ஆனா பஞ்சுக்காது சொன்ன சீல் இதுக்கு ரொம்ப முக்கியம். கண்ணாடிக் காம்பு தடியா இருந்தா வேண்டாம்.

உங்க நிலைமைக்கு என் வரிசை: டிடி 770 ப்ரோ, அப்புறம் எம்40எக்ஸ்.

மெல்லிசை_ரசிகன்:

மிக்க நன்றி. கண்ணாடிக் காம்பு தடித்த பிளாஸ்டிக்தான், எனவே கே371 வேண்டாம். மூன்று கேள்விகள். அறையில் ஃபேன், ஏசி இரைச்சல் இருக்கிறது, குளோஸ்டு-பேக் அதைத் தடுக்குமா? பேடு எவ்வளவு காலம் தாங்கும், நாமே மாற்றிக்கொள்ளலாமா? டிடி 770-இல் வெலூருக்குப் பதில் லெதர் பேடு போட்டால் தடுப்பு கூடுமா?

சாலிடர்:

ஃபேன், ஏசி இரைச்சலில் பெரும் பங்கு தாழ்ந்த அதிர்வெண். கப்பும் பேடும் நன்றாகத் தடுப்பது பேச்சு, கீபோர்டு சத்தம், பாத்திரச் சத்தம் மாதிரி அதற்கு மேலே இருப்பவற்றை. முழக்கம் போல வரும் இரைச்சலைக் குறைக்க நாய்ஸ் கேன்சலிங் உள்ளதுதான் வேண்டும். அறையில் ஓடும் ஃபேனுக்காக மட்டும் அதற்குப் போகாதீர்கள். பாட்டு ஓடத் தொடங்கினால் அந்த இரைச்சல் பெரும்பாலும் மறைந்துவிடும்.

பேடு விஷயம். எம்40எக்ஸிலும் 7506-இலும் இருப்பது தோல் மாதிரியான பாலியூரிதேன் பூச்சு. வியர்வையும் ஈரக்காற்றும் அதை மெல்ல மெல்லச் சிதைக்கும். கறுப்புச் செதில்கள் காதில் ஒட்டத் தொடங்கினால் ஆயுள் முடிந்தது என்று பொருள். அதற்கு முன்பே உள்ளே இருக்கும் ஸ்பாஞ்ச் அமுங்கிவிடும், அதைத்தான் பலர் கவனிப்பதில்லை. காது டிரைவரை நெருங்கும், விளிம்பில் இடுக்கு விழும், ஒலி மாறும். "பழைய ஹெட்போனில் பேஸ் போய்விட்டது" என்பவர்களில் பலருக்குத் தேவை புதுப் பேடு மட்டும்தான். கேட்டு முடித்ததும் உலர்ந்த துணியால் துடையுங்கள். ஆல்கஹால் துடைப்பான் பூச்சை இன்னும் சீக்கிரம் உரித்துவிடும். வெலூர் உரியாது. ஆனால் முடி, தூசு, எண்ணெய்ப் பிசுக்கு சேரும். கழற்றி, இளஞ்சூட்டுத் தண்ணீரில் கொஞ்சம் சோப்பு போட்டுக் கையால் அலசி, முறுக்காமல் அழுத்திப் பிழிந்து, நிழலில் முழுதாகக் காயவைத்து மாட்டலாம். ஈரம் உள்ளே இருக்க மாட்டாதீர்கள்.

டிடி 770-இல் பேடைக் கழற்ற, விளிம்பை விரலால் பிடித்து வெளிப்பக்கமாக இழுத்தால் போதும். மாட்டும்போதுதான் பொறுமை வேண்டும். பேடின் பின்னால் ஒரு மெல்லிய உதடு இருக்கும், அது கப்பைச் சுற்றியுள்ள பள்ளத்தில் உட்கார வேண்டும். மேலே ஒரு இடத்தில் உதட்டைப் பள்ளத்தில் நுழைத்துக்கொண்டு, பேடு முழுவதையும் கடிகாரத் திசையில் மெதுவாகச் சுழற்றுங்கள். சுழலச் சுழல மீதி உதடு தானே உள்ளே ஏறும். சுற்றிச் சுற்றி விரலால் திணித்தால் தையல் கிழியும். எம்40எக்ஸ் பேடு நீள்வட்டம், சுழற்ற இடமில்லை. ஒரு முனையில் தொடங்கி, பழைய பிளாஸ்டிக் கார்டு ஒன்றின் மூலையால் உதட்டைப் பள்ளத்துக்குள் தள்ளிக்கொண்டே வர வேண்டும். கார்டின் முனை டிரைவர் பக்கம் போகக் கூடாது.

தினப் பயன்பாட்டில் அடிக்கடி வரும் கோளாறுகள் இரண்டு. முதலாவது, பின்னணி இசை எல்லாம் கேட்கும், பாடகர் குரல் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலக் கேட்கும் அல்லது காணாமலே போகும். டிரைவர் கெட்டுவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். ஜாக்கின் கிரவுண்ட் தொடர்பு விட்டிருக்கிறது. கிரவுண்ட் இல்லாதபோது இரண்டு டிரைவர்களும் தொடராக இணைந்து, இடது வலதின் வித்தியாசத்தை மட்டும் ஒலிக்கும். இரு பக்கமும் சமமாக வைத்துப் பதிவு செய்யப்பட்ட குரல் கழிபட்டுப் போகும். ஜாக் முழுதாக உள்ளே போயிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தடித்த போன் கவர் 1 மி.மீ. தடுத்தாலே இது நடக்கும். அப்படியும் சரியாகவில்லை என்றால் ஜாக்கை ஒட்டிய கேபிளை வளைத்துப் பாருங்கள். குரல் வந்து வந்து போனால் உள்ளே கிரவுண்ட் வயர் அறுந்திருக்கிறது.

இரண்டாவது, பேஸ் வரும்போது ஒரு பக்கம் மட்டும் "ஜிர்ர்" என்று அதிர்வது. பெரும்பாலும் ஒரு தலைமுடி துணிக்குள் புகுந்து டிரைவரின் சவ்வைத் தொட்டுக்கொண்டிருக்கும். பேடைக் கழற்றி, உள்ளே இருக்கும் மெல்லிய துணியை விலக்கி, நல்ல வெளிச்சத்தில் ட்வீசரால் முடியின் வெளிமுனையைப் பிடித்து எடுங்கள். வாக்குவம் கிளீனர், காற்று கேன் இரண்டும் வேண்டாம். சவ்வு மடிந்தால் திரும்ப நிமிராது.

எம்40எக்ஸ் எடுத்தால் கேபிள் பற்றி ஒரு வார்த்தை. கப் பக்கத்து முனை 2.5 மி.மீ., செருகித் திருப்பிப் பூட்டும் வகை. சாதாரண 2.5 மி.மீ. கேபிள்களில் பலவற்றின் பிளாஸ்டிக் தோள் தடிமனாக இருப்பதால் துளைக்குள் முழுதாகப் போகாது. அந்த மாடலுக்கென்றே செய்த 1.2 மீட்டர் நேர் கேபிள் வாங்குங்கள். பெட்டியில் வரும் நேர் கேபிள் 3 மீட்டர், போனோடு கையாள முடியாது.

பஞ்சுக்காது:

லெதர் பேடு பற்றி யாரும் சொல்லவில்லை. தடுப்பு கொஞ்சம் கூடும், ஆனால் அதற்காக மாற்ற வேண்டாம். டிடி 770-இன் ஒலி அந்த வெலூர் வழியே கசியும் காற்றையும் கணக்கில் வைத்து அமைத்தது. காற்றே போகாத பேடைப் போட்டால் பேஸ் வீங்கி, அதற்கு மேலே இருக்கும் குரலை மூடும். உங்கள் காம்பு போடும் இடுக்கு அதில் ஒரு பகுதியைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். கடைசியில் என்ன ஒலி வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. பேயர்டைனமிக் தரும் அதே வெலூர் பேடையே திரும்பப் போடுங்கள். இறுக்கம் அதிகம் என்று தோன்றினால் அதற்கு வழி இருக்கிறது. டிடி 770-இன் ஹெட்பேண்ட் எஃகுத் தகடு. கப்களின் இடைவெளி உங்கள் தலையை விட ஒரு விரல்கட்டை அகலமாக இருக்கும்படி, புத்தக அடுக்கின்மேல் ஓர் இரவு மாட்டி வையுங்கள். தேவைப்பட்டால் மறுநாளும். ஆனால் இறுக்கம் குறைந்தால் சீலும் குறையும், அதனால் ஒவ்வொரு முறையும் அந்த 40 ஹெர்ட்ஸ் சோதனையைச் செய்து பாருங்கள்.

ஓம்_விதி:

டிடி 770 எடுப்பதாக இருந்தால் அந்த 8 கிலோஹெர்ட்ஸ் முனைக்குப் பயப்பட வேண்டாம், ஈக்யூவில் சரிசெய்யலாம். விண்டோஸில் ஈக்வலைசர் ஏபிஓ, ஆண்ட்ராய்டில் வேவ்லெட், இரண்டும் போதும். ஆட்டோஈக்யூ தளத்தில் உங்கள் மாடலுக்கும் ஓம் வகைக்கும் உரிய திருத்தம் கிடைக்கும். ஆனால் அதை அப்படியே போட்டுவிட்டு நிறுத்தாதீர்கள். 8 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே ஒவ்வொருவரின் காதுமடலுக்கும், ஹெட்போன் உட்காரும் இடத்துக்கும் ஏற்ப அளவீடு மாறும். அளவெடுத்த பொம்மைத் தலையின் முனை 8.5-இல் இருந்தால், உங்கள் காதில் 7.5-இல் இருக்கலாம். ஆகவே அந்த ஒரு ஃபில்டரை மட்டும் கையால் வையுங்கள். 6 முதல் 10 கிலோஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏறும் டோனைக் குறைந்த சத்தத்தில் ஓட்டி, எங்கே குத்துகிறதோ அங்கே க்யூ (ஃபில்டர் எவ்வளவு குறுகலானது என்ற எண்) 2 வைத்து 4 டெசிபல் குறையுங்கள். "ஸ" ஒலி அதிகம் வரும் பாட்டு ஒன்றைக் கேட்டு 1 டெசிபல் கூட்டியோ குறைத்தோ முடித்துக்கொள்ளலாம்.

பேஸை ஏற்றினால் ப்ரீஆம்பை (ஈக்யூ செயலியில் இருக்கும் மொத்த ஒலி அளவு) அதே அளவு இறக்குவது கட்டாயம். 5 டெசிபல் ஏற்றினால் ப்ரீஆம்ப் மைனஸ் 5. இல்லாவிட்டால் டிஜிட்டல் உச்சத்தில் ஒலி வெட்டுப்பட்டு, தவிலின் அடியோ கிக் டிரம்மோ வரும்போதெல்லாம் கரகரக்கும். ஹெட்போன் மோசம் என்று தோன்றும். ப்ரீஆம்பை இறக்கியதால் குறையும் சத்தத்தை வால்யூமில் ஈடுகட்ட வேண்டும், எனவே ஆப்பிள் டாங்கிளின் 0.5 வோல்ட் வகை கையில் இருந்தால் 32 ஓமையே எடுங்கள்.

தினம் நான்கு மணி நேரம் என்றீர்கள். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு, 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும்: 83-இல் 20 மணி, 86-இல் 10 மணி. வாரம் 28 மணி நேரம் என்றால் 80-ஐச் சற்றே தாண்டலாம், அவ்வளவுதான் இடம் இருக்கிறது. ஃபேன் சத்தத்தை அமுக்க வால்யூமைக் கூட்டும் பழக்கம் வந்தால் அந்த இடமும் போய்விடும். அப்போது வால்யூமைத் தொடாமல், முதலில் சீல் கசிகிறதா என்று அழுத்திப் பாருங்கள்.

நள்ளிரவு_வானொலி:

வாங்குனதும் செய்ய வேண்டியதையும் சொல்லிடறேன். திருப்பிக் கொடுக்கிற கெடு முடியறதுக்குள்ள, மோனோவா 20 ஹெர்ட்ஸ்லேர்ந்து மேல வரைக்கும் ஏறுற டோனை ஓட்டுங்க. ஒலி நெத்திக்கு நடுவுலயே நிக்கணும். ஏதோ ஒரு இடத்துல இடது பக்கமோ வலது பக்கமோ நகர்ந்தா, ஹெட்போனைத் திருப்பி மாட்டி இன்னொரு தடவை ஓட்டுங்க. நகர்ற பக்கமும் மாறினா ஹெட்போன்ல குறை, கொடுத்துடுங்க. மாறாம அதே பக்கம் போனா காம்பால வர்ற சீல் வித்தியாசம், இல்ல உங்க காதுகளோட வித்தியாசம். அதுக்காக ஹெட்போனை மாத்த வேண்டியதில்ல.

எம்40எக்ஸ், எம்50எக்ஸ், 7506 மூணுக்குமே போலி நிறைய சுத்துது. விலை ரொம்பக் குறைஞ்சிருந்தா, நிறுவனமே அங்கீகரிச்ச விற்பனையாளர்தானான்னு பார்த்துட்டு எடுங்க.